நாற்பதுக்குப் பிறகு ஒன்று

ஒரு கதையை இரண்டாவது முறை பார்க்கிறவனுக்கு மூளை கிடையாது என்பதை மனித வரலாற்றிலேயே முதன்முறையாக, அறிவியல்பூர்வமாக, ஐயம் திரிபற நிரூபித்தவன் ஜெரோம். வயது இருபத்தொன்று. திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. அந்த நிரூபணம் கல்லூரி உணவகத்தில் கைகழுவும் தொட்டிக்கு மேலே, யாரும் படிக்காமல் தப்பிக்க முடியாத இடத்தில், சுவர்ப் பத்திரிகையாக ஒட்டப்பட்டிருந்தது. தலைப்பு: 'மறுபார்வை என்னும் நோய்: ஒரு முழுமையான ஆய்வு.'

"முதல் முறை பார்க்கிறவன் கதையைப் பார்க்கிறான். இரண்டாம் முறை பார்க்கிறவன் தன்னைப் பார்க்கிறான். மூன்றாம் முறை பார்க்கிறவனை டாக்டர் பார்க்க வேண்டும்" என்று கட்டுரை தொடங்கியது. பிறகு அறிகுறிகள். நோயாளி முதலில் 'ஒரே ஒரு பகுதிதான்' என்பான். அடுத்து 'சும்மா ஓடிக்கிட்டிருக்கு, நான் பார்க்கவே இல்ல' என்பான். முற்றிய நிலையில் 'ஆய்வுக்காகப் பார்க்கிறேன்' என்பான். அதற்கு மேல் மருந்தில்லை. உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பலாம்.

கடைசியில் ஒரு நோயாளிக் குறிப்பு. "பெயர் வேண்டாம். திருவெறும்பூர்க்காரர், ஐம்பத்தாறு வயது. ஒரு தொலைக்காட்சித் தொடரை முப்பத்தொன்றாவது சுற்று பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால்தான் சாப்பிடுகிறார். கேட்காத நாளில் பட்டினி. மருத்துவ உலகம் இவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது."

கைகழுவ வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். துறைத்தலைவரும் சிரித்தார், தானும் ஏதோ ஒரு தொடரில் நாலாவது சுற்றில் இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். சிரிக்காதவன் ஒருவன்தான். ஜெரோமின் வகுப்புத் தோழன் அப்துல் கனி. அந்தத் திருவெறும்பூர்க்காரர் ஜெரோமின் அப்பா என்பது அவனுக்குத் தெரியும்.

கட்டுரைக்குக் கீழே கையெழுத்து இல்லை, ஒரு பெருவிரல் ரேகைதான் இருந்தது. ஜெரோம் இரண்டு வருடமாக எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான்: "படிச்சவன் போடுறது கையெழுத்து. எஞ்சினியர் வைக்கிறது ரேகை."

*

அந்த நோய் ஊருக்குள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 'மீள்முகம்' என்று ஒரு நிறுவனம். பத்துப் புகைப்படமும் இருபது நிமிடக் குரல்பதிவும் கொடுத்தால், ஏதாவது பழைய தொடரில் நீங்கள் காட்டுகிற பாத்திரத்துக்கு உங்கள் ஆளின் முகத்தையும் குரலையும் பொருத்திவிடுவார்கள். பொருத்தியது தெரியாது. அந்த ஆளே அந்தக் காலத்தில் போய் நடித்துவிட்டு வந்ததுபோல இருக்கும்.

தொடக்கத்தில் அது கல்யாண மண்டபத்துக் கேளிக்கையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையைப் போலீஸ் அதிகாரியாக்கி, மாமனாரைத் திருடனாக்கி, சாப்பாட்டுப் பந்தியில் ஓடவிட்டுச் சிரித்தார்கள். பிறகு எங்கேயோ யாரோ செத்துப்போனவரின் முகத்தைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் உயிரோடிருப்பவர்களை வைத்து யாரும் சிரிக்கவில்லை.

ஜெரோமின் அப்பா சூசைமாணிக்கம் தேர்ந்தெடுத்த தொடர் 'ஒன்பதாம் கலம்'. அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. ஐம்பத்திரண்டு பகுதி. வீடு தேடி அலையும் ஒரு விண்கலத்தின் கதை. தெர்மாகோல் சுவர். எரிபொருள் கலன் என்று சொல்லி வெள்ளி வண்ணம் அடித்த டிபன் கேரியர். எஞ்சின் சத்தத்துக்கு மிக்ஸி. கலத்தில் ஒரு கேப்டன், எல்லோருக்கும் செல்லமான ஒரு இளநிலை அதிகாரி, எப்போதும் எச்சரித்துக்கொண்டே இருக்கும் கணினிக் குரல். வெளிக்கதவுப் பக்கத்தில், முகம் மறைத்த தலைக்கவசத்தோடு சிலைபோல நிற்கும் ஒரு கதவுக்காரன். அன்றைக்கு எந்த நடிகர் சும்மா இருந்தாரோ அவர் தலையில் கவசத்தை மாட்டி நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது, வாரத்துக்கு வாரம் அவன் உயரம் மாறும்.

அப்பா கேப்டனுக்குத் தன் முகத்தைக் கொடுத்தார். இளநிலை அதிகாரிக்கு ஜெசிந்தாவின் முகம். ஜெசிந்தா ஜெரோமின் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன், இருபத்திரண்டு வயதில், துவாக்குடி சாலையில் லாரி மோதிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனவள்.

கணினிக் குரலுக்கு அம்மா அமலோற்பவத்தின் குரலைக் கொடுத்திருந்தார். "அபாயம், அபாயம்" என்று அந்தக் குரல் சொல்லும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போதுதான் அவர் காது கொடுக்கிறார் என்று ஜெரோம் சொல்வான். அம்மாவுக்கு அது சிரிப்பாக இல்லை. "என் புள்ளை என் குரலைக் கேட்டு 'சரி கணினி'ங்கறா. என்னை மிஷினாக்கிட்டாருடா உங்கப்பா" என்று அழுதுவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் திண்டுக்கல்லில் தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஜெரோமுக்கு அந்தக் கலத்தில் இடமே இல்லை. அவன் அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டதில்லை. வரிசையாக மூன்று பேரைப் பொருத்தியவருக்கு நாலாவதாக ஒரு புகைப்படம் தேடச் சோம்பலாக இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

*

"கேப்டன், சாப்பிட்டீங்களா?"

கூடத்திலிருந்து ஜெசிந்தாவின் குரல். ஜெரோம் அடுக்களையிலிருந்து தட்டோடு ஓடினான். அப்பா பார்க்கிற நாற்பது பகுதியில் இந்தக் கேள்வி பதினோரு முறைதான் வரும். எந்தெந்தப் பகுதி என்று அவனுக்கு மனப்பாடம். தொடரைப் பார்த்து வந்த மனப்பாடமில்லை, அப்பாவுக்கு இட்லி ஊற்றி வந்த மனப்பாடம்.

"இந்தாப்பா."

சூசைமாணிக்கம் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் வாங்கிக்கொண்டார். ஏழு மாதத்துக்கு முன்வரை தொழிற்சாலையில் பற்றவைப்புப் பரிசோதகர். இரும்பில் மயிரிழை விரிசலைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பவர் என்று பேர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நாளைக்கு ஐந்து பகுதி என்று கணக்காகப் பார்க்கிறார். எட்டு நாளில் நாற்பது முடியும். ஒன்பதாம் நாள் மறுபடி ஒன்று.

"இன்னொண்ணு வைக்கவா?"

"அவ ஒரு தடவைதானடா கேட்டா."

"நான் ரெண்டாவது தடவை கேக்கறேன்ல."

திரையில் ஜெசிந்தா எதையோ பார்த்துச் சிரித்தாள். உண்மையில் அவள் அப்படித்தான் சிரிப்பாள், மேலுதட்டை மூக்கோடு சுருக்கி. ஜெரோம் அதற்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"நாளன்னிக்கு இருபத்திரண்டு ஆரம்பிக்குதுப்பா. ஆறு பகுதி அவ உறைதூக்கத்துல கிடப்பா. போன சுத்துல அந்த ஒண்ணரை நாளும் தண்ணியைத் தவிர ஒண்ணும் இறங்கல உங்களுக்கு. டாக்டர் என்ன சொன்னாரு, நாப்பத்தாறு கிலோ. என் பைக்கே அதைவிடக் கனம்."

"தூங்கறவளை எழுப்பிச் சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றியா?"

"நீங்க அவளைக் கேக்க வேணாம். நீங்க சாப்பிடுங்க."

"சத்தம் போடாத. வசனம் கேக்கல."

ஜெரோம் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். கல்லூரியில் ஐந்நூறு பேரைச் சிரிக்கவைக்கிறவன், வீட்டில் ஒரு ஆளை இன்னொரு இட்லி சாப்பிட வைக்க முடியாமல் தோசைக்கரண்டியைக் கழுவினான்.

அன்று மத்தியானம் அம்மா ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஜெரோமு, வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு ஜெசிக்கு ரெண்டாம் வருசப் பூசை. சாமியார்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"சரிம்மா."

"உங்கப்பா வரணும். முன்வரிசையில உக்காரணும். போன வருசம் என்ன பண்ணாரு, பிரசங்கத்துல எந்திரிச்சுப் போய்ட்டாரு. அவ சாப்பிட்டீங்களான்னு கேக்கற நேரமாம். ஊரே பாத்துச்சு. இந்தத் தடவையும் அப்படின்னா, நான் பூசை முடிஞ்சு கோயில்லேருந்தே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிடுவேன். அப்புறம் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். அவர் செத்தாச் சொல்லி அனுப்பு."

"அம்மா…"

"சாகத்தான் போறாரு. நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

வைத்துவிட்டாள்.

*

கனி பகுதிநேரமாக மீள்முகத்தின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருந்தான். கல்லூரி வாசல் டீக்கடையில் அவனைப் பிடித்து நிறுத்தினான் ஜெரோம்.

"நாப்பதோட ஏண்டா எல்லாரும் நிறுத்தறாங்க? ஐம்பத்திரண்டு இருக்குல்ல?"

"உனக்குத் தெரியாது பாரு. நாப்பத்தொண்ணுல அந்த இளநிலை அதிகாரி செத்துடும்ல."

"அது தெரியும். கதையை மாத்திட வேண்டியதுதானே? முகத்தை மாத்தறீங்க, ஒரு சாவை மாத்த முடியாதா?"

"எழுதினவரோட பிள்ளைங்க ஒத்துக்கலடா. முகம் மாத்திக்க, குரல் மாத்திக்க, கதையில ஒரு வரி தொடாதேன்னுட்டாங்க. யாரும் சாகாத வேற தொடருங்களும் வச்சிருக்கோம். யாரும் சீந்தறதில்ல."

"ஏன்?"

கனி டீயை ஆற்றினான். "ஒரு அம்மா சொன்னாங்க. சாகாதவளைப் பாத்தா என் பொண்ணு மாதிரி இல்ல, நடிகை மாதிரி இருக்குன்னு. அந்த நாப்பத்தொண்ணு அங்க இருக்கணும். ஆனா அதைப் பாக்கக் கூடாது. அப்பத்தான் நாப்பதும் நிஜமா இருக்காம். உள்ள நாங்க அவங்களை 'நாப்பதுக்காரங்க'ம்போம். திருச்சியில மட்டும் இந்தத் தொடருக்கே ஆறாயிரம் வீடு."

"இவங்க நாப்பதோட நிறுத்துனாலும், தானா நாப்பத்தொண்ணு ஓடணும்ல? எங்க வீட்டுல ஒண்ணுக்குத்தான் போகுது."

"அது நாங்க வச்சதுதான்." கனி குரலைத் தாழ்த்தினான். "நாப்பத்தொண்ணைப் பாத்தவங்க ரத்து பண்ணிட்டுப் போயிடறாங்க. அழுதுட்டுப் போயிடறாங்க. அதனால போன வருசம் நாப்பது முடிஞ்சா ஒண்ணுன்னு மேலிடத்துல அமைச்சு வச்சுட்டாங்க. வேணும்னா நீயே மாத்தலாம். அமைப்புல கடைசிப் பக்கத்துல 'வரிசைப்படி'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். யார் கண்ணுக்கும் படாத மாதிரி சாம்பல் நிறத்துல."

ஜெரோம் ஃபோனை எடுத்தான்.

"இரு" என்றான் கனி. "அவரைப் பாக்கவைக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை தனியாப் பாரு. எந்த வீட்டுல யாரை எதுல பொருத்தியிருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுச் செய்."

"அதெல்லாம் சின்ன வயசுல பாத்தாச்சு. அப்பா பழைய டிஸ்க்குல போட்டுக் காட்டியிருக்காரு. கலத்துக்கு வெளியில ஏதோ ஆகும், செத்துடும், எல்லாரும் வணக்கம் வைப்பாங்க."

"மறந்திருப்படா."

"கனி, நான் யாரு? எதையும் ரெண்டாவது தடவை பாக்காத ஒரே தமிழன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கனி தம்ளரை வைத்துவிட்டு அவனை ஒரு நிமிடம் பார்த்தான். "கொள்கைதான்" என்றான்.

ஜெரோம் சாம்பல் நிறப் பொத்தானைத் தேடி அழுத்தினான். பெருவிரலால்.

*

முப்பத்தொன்றாவது சுற்றின் நாற்பதாம் பகுதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. ஜெரோம் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, ரிமோட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னடா, நீ பாக்கமாட்டியே?"

"சும்மா. ஒரே ஒரு பகுதி."

நாற்பதாம் பகுதி மகிழ்ச்சியான பகுதி. கலத்தில் யாருக்கோ பிறந்தநாள். தெர்மாகோல் சுவரில் வண்ணத்தாள் தோரணம். ஜெசிந்தா பாடுகிறாள். அப்பா தாளம் போட்டார். பெயர்கள் ஓடின. சூசைமாணிக்கம் முதல் பகுதியின் தொடக்க இசைக்காக வழக்கம்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேறு இசை வந்தது.

"டேய்." அப்பா கையால் நாற்காலியைத் தடவினார். "ரிமோட்டு எங்க?"

"இருக்குப்பா. பாருங்க. அடுத்த ஞாயிறு பூசை. நீங்க இதைத் தாண்டணும். ஒரு தடவை. அவ்வளவுதான்."

"ஜெரோமு, நிறுத்து."

"கதைப்பா. நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி எவனோ எழுதின கதை."

"உனக்காகத்தாண்டா சொல்றேன், நிறுத்துறா!"

அப்பா எழப் பார்த்தார். நாற்பத்தாறு கிலோ எழுந்திருக்கவில்லை. ஜெரோம் அவர் முழங்காலைப் பிடித்து உட்காரவைத்தான். 'உனக்காக' என்ற சொல் அவன் காதில் விழுந்தது, ஆனால் அதற்குள் திரை அவனைப் பிடித்துக்கொண்டது.

கலத்துக்கு வெளியே பழுது பார்க்கப் போன இளநிலை அதிகாரியை இழுத்துவந்து இரண்டு கதவுகளுக்கு நடுவே கிடத்தியிருக்கிறார்கள். இரும்பைத் தின்னும் தூசு அவள் உடுப்பெல்லாம் ஒட்டியிருக்கிறது. உள்கதவைத் திறந்தால் கலமே அழியும். மூடிப் பூட்டி வெளிக்கதவைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் பிழைப்பார்கள். கண்ணாடிக்குள் ஜெசிந்தாவின் முகம். கண் மூடியிருந்தது.

"அசைவு இல்லை" என்றது கணினி, அம்மாவின் குரலில். "உணர்வு இல்லை. உடுப்பின் இயந்திரம் மட்டும் மூச்சு விடுகிறது."

கதவுக்காரன் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றான். கேப்டனின் கட்டளைக்குக் காத்திருந்தான். "கேப்டன்?" என்றான்.

கேப்டன் பேசவில்லை. அப்பாவின் முகம், அப்பாவின் தோள். மெதுவாகத் திரும்பி, சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேப்டன்?"

முதுகு மட்டும் தெரிந்தது.

கதவுக்காரன் தலைக்கவசத்தின் மூடியை மேலே தூக்கினான். நாற்பது பகுதிகளில் ஒருமுறைகூடத் தூக்காத மூடி. உள்ளே ஜெரோமின் முகம் இருந்தது. பத்தொன்பது வயது முகம், அப்போதைய அரும்பு மீசையோடு.

"கேப்டன், யாராவது ஒருத்தர் சொல்லணும்" என்றது அந்த முகம், ஜெரோமின் குரலில்.

யாரும் சொல்லவில்லை. அவன் திரும்பிப் பொத்தானை அழுத்தினான்.

ஜெரோமின் சட்டைப்பையில் ரிமோட் இருந்தது. அவனுக்கு அது நினைவில்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி நினைவில் இருந்தது. பதினோராம் நாள். மூச்சு இயந்திரத்தை நிறுத்தச் சம்மதம் கேட்டு டாக்டர் மேசைமேல் நகர்த்திய தாள். "வீட்டுல யாராவது ஒருத்தர்" என்று அவர் சொன்னது. அம்மா வராந்தாவில் மயங்கிக் கிடந்தது. அப்பா சன்னலோரம் போய், கீழே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "அப்பா?" என்று இரண்டு முறை கூப்பிட்டது. பேனா எழுதாமல், டாக்டர் வேறு பேனா கொடுத்தது.

அவன் வாழ்க்கையில் கடைசியாகப் போட்ட கையெழுத்து அதுதான்.

பெயர்கள் ஓடி முடிந்தன. நாற்பத்திரண்டாம் பகுதி தொடங்கியது. ஜெரோம் ரிமோட்டை எடுத்து அணைத்தான்.

"எனக்கு இடமே இல்லன்னு நினைச்சேன்" என்றான். குரலில் வழக்கமான நையாண்டியைத் தேடினான், கிடைக்கவில்லை. "இருந்திருக்கு. நல்ல இடமாத்தான் குடுத்திருக்கீங்க."

"அந்த இடத்தை நான் குடுக்கலடா." அப்பா கையைப் பிசைந்தார். "சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் விளையாடுவீங்கல்ல, குளியலறைக் கதவை வச்சு? 'தம்பி குள்ளம், அதனால அவன்தான் கதவுக்காரன்'னு அவதான் சொல்லுவா. நீ எவர்சில்வர் குண்டானைக் கவுத்துக்கிட்டு நிப்ப. அதை நினைச்சுத்தான் உன் முகத்தைக் குடுத்தேன். நாலு பேரும் சேந்து ஒரு கப்பல்ல இருக்கணும்னு. நாப்பத்தொண்ணுல இப்படி வரும்னு மறந்தே போச்சு. சத்தியமா மறந்துபோச்சுடா."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"முதல் சுத்துல. பாத்தேன். ஒரே ஒரு தடவை."

"அப்புறம் ஏன் மாத்தல? வேற எவன் முகத்தையாவது வச்சிருக்கலாம்ல?"

"கப்பல்லேருந்து உன்னை எப்படிடா இறக்கிவிடுவேன்?"

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"என் மேல கோவமாப்பா?"

"உன் மேலயா?"

"நான்தானே மூடினேன்."

சூசைமாணிக்கம் அணைந்த திரையைப் பார்த்தார். அதில் அவர்கள் இருவரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

"கதவை மூடினவன் மேல எனக்கு என்னடா கோவம்? அவன் சின்னப் பய. ரெண்டு தடவை கூப்பிட்டான் பாரு, என்னை. திரும்பி நின்னான் பாரு ஒருத்தன், சன்னலைப் பாத்துக்கிட்டு." அவர் குரல் உடைந்தது. "அந்த முதுகைத்தாண்டா என்னால ரெண்டாவது தடவை பாக்க முடியல. அவ சாகறதைக்கூடப் பாத்துடுவேன்."

ஜெரோம் அப்பாவின் கால்மேல் தலையை வைத்துக்கொண்டான். எலும்பு கன்னத்தில் குத்தியது. வெகுநேரம் கழித்து அப்பா அவன் தலையில் கைவைத்து, அவன் பல மாதமாகக் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"சோறு இருக்கா?"

*

திங்கட்கிழமை காலை சூசைமாணிக்கம் முகச்சவரம் செய்துகொண்டு, இடுப்பில் நிற்காத கால்சட்டைக்கு இரண்டு சுற்று பெல்ட் கட்டி, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். புதன்கிழமை அம்மாவோடு வந்தார். அம்மா கூடத்துக்குள் நுழைந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். பிறகு அப்பாவைத் திட்டத் தொடங்கினாள். எட்டு மாத பாக்கி என்பதால் மூன்று நாள் ஆயிற்று. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பூசையில் முன்வரிசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பிரசங்கம் நீளமாகத்தான் இருந்தது. அப்பா எழவில்லை. சாமியார் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னபோது அவர் அழுதார், ஊருக்கு முன்னால், வாயைத் திறந்து, அசிங்கமாக. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த முதுகை.

வெளியே வந்ததும் ஜெரோமைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த மீள்முகத்தை ரத்து பண்ணிடு ஜெரோமு. எனக்கு அந்தப் பொத்தானெல்லாம் தெரியாது."

"பண்ணிட்டேன்பா. அன்னிக்கே பண்ணிட்டேன்."

"நல்லது." அவர் அவன் தோளைத் தட்டினார். "கெட்டிக்காரன்டா நீ. எதையும் ரெண்டாவது தடவை பாக்கமாட்ட."

சுவர்ப் பத்திரிகையில் அந்த மாதம் புதிய கட்டுரை வரவில்லை. பழையது தண்ணீர் தெறித்து ஓரம் சுருண்டு தொங்கியது. நோயாளிக் குறிப்பு இருந்த பகுதியை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள்.

கல்லூரிப் பேருந்து காலை ஏழு நாற்பதுக்கு. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், நெரிசல் இருந்தால் ஐம்பது. ஜெரோம் இப்போதெல்லாம் கடைசி வரிசைச் சன்னலோரத்தில் உட்காருகிறான். அன்று அரியமங்கலம் நிறுத்தத்தில் ஏறிய கனி, பக்கத்து இருக்கையில் பையை வைக்கும்போது அவன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். தெர்மாகோல் சுவர். வண்ணத்தாள் தோரணம். யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது?"

ஜெரோம் ஒரு காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆய்வு."

கனி சிரிக்கவில்லை. "எத்தனாவது ஆய்வு?"

திரையில் பெயர்கள் ஓடி முடிந்தன. அமைப்பைத் திரும்ப மாற்றியிருந்ததால் நாற்பத்தொன்று வரவில்லை. 'முதலிலிருந்து' என்று மட்டும் வந்தது. ஜெரோம் பெருவிரலை வைத்தான்.

தொடக்க இசை. கலத்தின் நீண்ட நடைபாதை. அதன் கோடியில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில், தலைக்கவசம் மாட்டிய ஒருவன் சிலைபோல நின்றான். அவனைக் கடந்து சிரித்துக்கொண்டே ஓடினாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். நாற்பது பகுதிகளில் அவள் கதவுக்காரனிடம் பேசுவது ஒரே ஒரு முறைதான், பதினேழாவது பகுதியில். கவசத்தின்மேல் விரலால் தட்டி, "என்ன கதவுக்காரரே, தூங்கிட்டீங்களா?" என்பாள்.

கழற்றிய இயர்ஃபோனைக் கனி எடுத்து ஜெரோமின் காதில் அவனே திரும்ப மாட்டிவிட்டு, பார்வையைச் சன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டான்.

ஜெரோம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பதினேழாவது பகுதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், நெரிசல் இருந்தால்.